பணயம் வைக்கப்படுபவர் யார்? – நடுநிலைக் களப் பந்தயம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒருவன் தன் பொருளைத் தான் விரும்பியவாறு இழப்பதற்கு உரிமையுடையவனா என்ற வினா அறவியலில் புதியதன்று. ஜோன் ஸ்ருவாட் மில் 1859 இல் வெளியிட்ட 'சுதந்திரம் பற்றி' என்னும் நூலிலே, பிறர்க்குத் தீங்கு விளையாதவிடத்து ஒருவனுடைய செயலில் சமூகமோ அரசோ தலையிடலாகாது என்ற கோட்பாட்டை நிறுவ முயன்றார். அக்கோட்பாட்டின்படி சூதாடுவோனைத் தடுத்தற்கு நியாயமில்லை. ஆயின், அந்நூலின் இறுதி இயலில் சூதாட்ட விடுதி நடத்துவோனைப் பற்றிப் பேச நேர்ந்தபோது மில் தயங்குகின்றார். ஆடுவோனை அவன் போக்கில் விடலாம். பிறர் ஆடுவதால் வயிறு வளர்ப்போனையும் அவ்வாறே விடலாமா என்பதில் இருபக்க நியாயங்களையும் எடுத்துக்கூறி அமைகின்றாரேயன்றி உறுதியான தீர்ப்பு எதனையும் வழங்கினாரல்லர். பெருஞ் சிந்தனையாளரின் தயக்கம் சில வேளைகளில் அவர்தம் முடிபுகளிலும் பயனுடையது. ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது மில்லின் கணக்கில் வராத மூன்றாமவனைப் பற்றிய விடயமாகும். பணம் கட்டுவோனும் அல்லன், பணத்தை வாங்குவோனும் அல்லன். எவன் மீது பணம் கட்டப்படுகிறதோ, அவன்.

இவ்வினாவை வெறும் கருத்துநிலையில் நின்று ஆராயாமல் ஒரு குறித்த நிகழ்வில் வைத்து நோக்குதல் தெளிவு தரும். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கமான என்.பி.ஏ., தனது பருவகால ஆட்டங்கள் சிலவற்றைக் கடல் கடந்து கொண்டுசென்று ஆடும் வழக்கத்தை 1990 நவம்பரில் ரோக்கியோ நகரிலே தொடங்கிற்று. பீனிக்ஸ் சன்ஸ், யூட்டா ஜாஸ் ஆகிய இரு அணிகள் அங்கு இரு ஆட்டங்களில் மோதி, ஆளுக்கொன்றாக வென்று திரும்பின. பின்னர் இலண்டன், பரிஸ் முதலாய நகரங்களிலும், அமெரிக்க எல்லைக்குத் தெற்கே மெக்சிக்கோ நகரிலும் இத்தகைய ஆட்டங்கள் நடைபெற்றன. 2026 ஜனவரியில் பேர்லினும் இவ்வரிசையிற் சேர்ந்தது. ஒரு பருவத்தில் தன் சொந்த அரங்கில் ஆடுதற்குரிய 41 ஆட்டங்களுள் ஒன்றை ஓரணி இதற்கென விட்டுக்கொடுக்கிறது. அட்டவணையில் அவ்வணியே சொந்தக் கள அணி என எழுதப்படும். எனினும், அக்களம் அதற்குச் சொந்தமன்று, எதிரணிக்கும் சொந்தமன்று. ஆகவே அது நடுநிலைக் களம் எனப்படுகிறது.

பந்தயக்காரருக்கு இவ்வாட்டங்களில் ஒரு தனிக் கவர்ச்சி உண்டு. கூடைப்பந்தாட்டத்தில் சொந்தக் களத்தில் ஆடும் அணி நெடுங்காலச் சராசரியில் பத்துக்கு ஆறு ஆட்டங்களளவில் வென்று வந்துள்ளது. அண்மை ஆண்டுகளில் இவ்வனுகூலம் குறைந்துள்ள போதிலும் மறைந்துவிடவில்லை. பந்தயக் கம்பனிகள், நம்மூர் வழக்கிற் சொன்னால் புக்கிகள், இவ்வனுகூலத்தைச் சில புள்ளிகளாகக் கணக்கிட்டே பந்தய எல்லையைக் குறிக்கின்றன. 'இன்ன அணி வெல்லும்' என்பது மட்டுமன்றி 'இத்தனை புள்ளி வித்தியாசத்துக்கு மேல் வெல்லும்' என்பதே பெரும்பாலான பந்தயத்தின் வடிவமாகும். களம் நடுநிலையானதும் அச்சில புள்ளிகளை எங்கே வைப்பது என்பதில் ஐயம் பிறக்கின்றது. ஐயம் பிறக்குமிடத்திற் கம்பனி தவறக்கூடும். கம்பனி தவறுமிடத்தில் நுண்ணறிவுடையோன் பணம் பண்ணலாம் என்பது பந்தயக்காரன் நம்பிக்கை.

இந்நம்பிக்கையின் பெறுமதி யாது? 110 டொலர் கட்டி 100 டொலர் வெல்லும் வழக்கமான நிபந்தனையில், நட்டமின்றி நிற்பதற்கே நூற்றுக்கு 52.4 தடவையளவில் ஒருவன் சரியாகக் கணித்தல் வேண்டும். 2025 ஜனவரியில் பரிஸ் நகரிலே சன் அன்ரோனியோ ஸ்பேர்ஸ் அணியும் இந்தியானா பேசர்ஸ் அணியும் 23 ஆந் திகதியும் 25 ஆந் திகதியும் ஆடின. அதே அணிகள், அதே அரங்கு, இடையே ஒரேயொரு நாள். முதலாட்டத்தில் ஸ்பேர்ஸ் 140-110 என வென்றது. இரண்டாவதில் பேசர்ஸ் 136-98 என வென்றது. முப்பது புள்ளி வெற்றியொன்றை முப்பத்தெட்டுப் புள்ளித் தோல்வியொன்று தொடர்ந்தது. இதனை முன்னறிந்து உரைக்கவல்ல நுண்ணறிவு எது என்பதை எவரும் விளக்கக் கண்டிலேன். போதாக்குறைக்கு, ஸ்பேர்ஸ் அணியின் முதன்மை வீரரான விக்ரர் வெம்பன்யாமா பரிஸ் நகரின் அயலிலே பிறந்து அங்கேயே ஆடி வளர்ந்தவர். கள நடுநிலை என்பது அட்டவணைக்குரியது போலும், பார்வையாளர் இருக்கைகளுக்குரியதன்று.

ஆயினும், பந்தயக்காரன் பெரும்பாலும் தோற்பான் என்று காட்டுவது அறவியல் வாதமாகாது. அது வெறுங் கணக்கு. தோற்பதற்கும் அவனுக்கு உரிமையுண்டு என மில் கூறுவார். நடுநிலைக் களம் வேறொரு வகையிலேயே நமக்குப் பயன்படுகிறது. சொந்தவூர் அரங்கில் அமர்ந்து பந்தயம் கட்டுபவனுக்கு அவ்வணியோடு பந்தயத்திற்கு அப்பாலும் ஓர் உறவுண்டு. அவன் தந்தையும் அவ்வணியை ஆதரித்திருக்கலாம். தோற்றாலும் அடுத்த வாரம் மீண்டும் வருவான். மாறாக, ரெக்சாஸ் மாநில அணியொன்றும் இந்தியானா மாநில அணியொன்றும் பரிஸில் ஆடும் ஆட்டத்துக்கு வேறொரு கண்டத்திலிருந்து பணம் கட்டுபவனுக்கு அந்த ஆட்டத்தோடுள்ள ஒரே உறவு பணயமே. ஆய்வுகூடத்திலே பிற பொருள்களை நீக்கி ஒரு பொருளைத் தனிப்படுத்துவது போல், நடுநிலைக் களம் பந்தயத்தின் இயல்பைத் தனிப்படுத்திக் காட்டுகிறது.

அவ்வாறு தனிப்படுத்தி நோக்குமிடத்து எஞ்சுவது மனித உடலே. கடல் கடந்த ஆட்டத்தில் பந்தயக்காரன் அறிய விரும்புவன யாவை? வீரன் விமானத்தில் எத்தனை மணிநேரம் இருந்தான், நேர மாற்றத்தால் உறக்கம் கெட்டதா, சென்ற வாரம் சுளுக்கிய கணுக்கால் வீக்கம் வற்றியதா என்பனவே. காயமுற்ற வீரர் ஆடுவரா மாட்டாரா என்பதை அணிகள் முன்கூட்டியே பகிரங்கமாக அறிவித்தல் வேண்டும் என்று சங்கத்தில் விதியுண்டு. பார்வையாளருக்கும் எதிரணிக்கும் அது நியாயமானதே. ஆனால் அவ்வறிவித்தல் சந்தை விலையை மாற்றும் செய்தியாகவும் இருப்பதால், அறிவித்தலுக்கு முந்திய ஒரு மணிநேரத்தில் ஒருவனது நோயை அறிந்தவனிடம் விற்கத்தக்க பண்டமொன்று உண்டு.

அப்பண்டம் விற்கப்பட்டமைக்குச் சான்று உளது. அது நடுநிலைக் களத்தில் நிகழ்ந்ததன்று எனினும் நமது வினாவுக்கு நேரடியாக உரியது. ரொறன்ரோ ராப்ரர்ஸ் அணியின் ஜொன்ரே போர்ட்டர் என்பவர் 2024 ஏப்ரலில் என்.பி.ஏ. இலிருந்து வாழ்நாள் முழுவதற்கும் விலக்கப்பட்டார். தன் உடல்நிலை பற்றிய தகவலை முன்கூட்டியே ஒரு பந்தயக்காரருக்குக் கொடுத்தார் என்பதும், 2024 மார்ச் 20 ஆந் திகதி ஆட்டத்தில் நோயென்று கூறி மூன்று நிமிடமளவில் ஆடி வெளியேறினார் என்பதும் சங்கத்தின் முடிபுகளாம். அவ்வாட்டத்தில் அவர் குறைவாகவே ஆடுவார் என்பதை உள்ளடக்கி ஒருவர் 80,000 டொலர் கட்டியிருந்தார். வென்றிருப்பின் 11 இலட்சம் டொலர் கிடைத்திருக்கும். போர்ட்டர் அவ்வாண்டு ஜூலையில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவரே சூதாடிக் கடன்பட்டிருந்தார் என்பதும், ஆட்டத்திலிருந்து முன்னதாக வெளியேறி அக்கடனைத் தீர்க்குமாறு அவர் தூண்டப்பட்டார் என்பதும் வழக்கில் வெளிப்பட்டன.

கடனில் மூழ்கியவன் இறுதியில் தன்னையே பணயமாக வைத்த கதை நமக்குப் புதியதன்று. திருக்குறள் சூதுக்கென ஓர் அதிகாரத்தை ஒதுக்கியுள்ளது. அவ்வதிகாரத்தின் கவனம் பெரிதும் சூதாடுவோன் மீதே அமைந்துள்ளது: அவன் பொருளும் புகழும் அழிவதைப் பற்றியது அது. பாரதக் கதையோ வேறொன்றைக் கேட்கிறது. தருமன் தம்பியரை வைத்தான், தன்னை வைத்தான், பின்னர் திரௌபதியை வைத்தான். தன்னை இழந்தவனுக்கு என்னை வைக்க உரிமை ஏது என அவள் சபையில் வினவினாள். சூதின் தீமை குறித்து ஆடுவோன் பக்கத்திலிருந்து எழுந்த வினாவன்று அது. பணயப் பொருளே வாய் திறந்து கேட்ட வினா. மனிதனை வெறுங் கருவியாக மட்டும் நடத்தலாகாது என 1785 இல் கான்ற் கூறிய கோட்பாட்டுக்கு இதனிலும் கூர்மையான உதாரணத்தை நான் அறியேன்.

எதிர்வாதம் வலிமையற்றதன்று. வீரரை எவரும் வற்புறுத்தி ஆட வைக்கவில்லை. அவர் பெறும் ஊதியத்தில் பந்தயத்தால் வரும் வருவாயின் பங்கும் உண்டு. 2023 ஆம் ஆண்டின் தொழில் உடன்படிக்கை வீரர் பந்தயக் கம்பனிகளிற் சிறு முதலீடு செய்யவும் இடமளித்தது. சம்மதித்தவரைக் கருவியாக்கினோம் என்பது எங்ஙனம்? மேலும், 2014 நவம்பரில் சங்கத்தின் ஆணையாளர் அடம் சில்வர், பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கிக் கண்காணிப்பதே மேல் எனப் பத்திரிகையொன்றில் எழுதினார். போர்ட்டர் விவகாரம் ஒருவகையில் அவர் கூற்றை மெய்ப்பிக்கின்றது. உரிமம் பெற்ற கம்பனி சந்தேகங்கொண்டு அப்பந்தயத்தை முடக்கியதால் பணம் வழங்கப்படவில்லை. இருளில் நடக்கும் சூதில் அவ்வாறு தடுப்பார் எவர்? இவ்வாதத்தை நான் பெரிதும் ஏற்கின்றேன். தடைச்சட்டம் சூதை ஒழித்ததாக வரலாறில்லை.

ஆனால் கண்காணிப்பு, பந்தயத்தில் நிகழும் மோசடியைத் தடுக்குமேயன்றி, பந்தயம் நேர்மையாக நடக்கும்போது நிகழ்வதைத் தொடாது. அமெரிக்க மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயம் பரவுவதைத் தடுத்த 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்னின்று கொணர்ந்தவர் நியூ ஜேர்சி மாநிலச் செனற்றர் பில் பிராட்லி. அவர் நியூயோர்க் நிக்ஸ் அணிக்கு ஆடி 1970 இலும் 1973 இலும் வாகைசூடியவர். விளையாட்டின் மீது பணம் கட்டுவது மனிதர் மீது பணம் கட்டுவதே என்பது அவர் கருத்து. களத்தில் நின்றவரின் கருத்து என்பதால் அதற்கு ஒரு நிறையுண்டு. நியூ ஜேர்சி மாநிலமே மேன்முறையீடு செய்த வழக்கில் 2018 மே மாதம் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதாக்கிற்று. மூன்று மாதங்களுள் என்.பி.ஏ. சூதாட்ட விடுதிக் கம்பனியொன்றுடன் வணிக உடன்பாடு செய்துகொண்டது. 2025 ஒக்டோபரில் மக்காவுவில் சூதாட்ட மாளிகையொன்றுடன் இணைந்த அரங்கிலே இரு அணிகள் பருவத்துக்கு முந்திய ஆட்டங்களை ஆடின. தரவரிசையில் எவ்விதப் பயனுமற்ற ஆட்டங்கள் அவை. அத்தகைய ஆட்டத்தில் ஒருவன் எத்தனை நிமிடம் ஆடுவான் என்பது பயிற்றுநரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. ஆயினும் இவ்வகை ஆட்டங்களுக்கும் பந்தயம் கட்ட இடமுண்டு.

சம்மதம் என்ற சொல்லையும் சற்று நின்று நோக்கல் வேண்டும். ஆடுதற்குச் சம்மதிப்பது ஒன்று. தன் தோல்வியால் ஊதியம் பெறுவோர் கூட்டமொன்று எங்கோ இருப்பதற்குச் சம்மதிப்பது வேறொன்று. சபையிலிருந்த தம்பியரும் மௌனமாகத்தான் இருந்தனர். ஓரணி வெல்லும் என்று கட்டும்போது பந்தயக்காரன் குறைந்தபட்சம் ஒருசாரார் நன்கு ஆடுவதை விரும்புகிறான். வீரனின் நோக்கமும் அவன் நோக்கமும் ஒரு திசையில் நிற்கின்றன. இன்ன வீரன் இத்தனை புள்ளிக்குக் கீழேதான் பெறுவான் என்று கட்டும்போது, அவ்வீரன் இடறவேண்டும், களைக்கவேண்டும், இயலுமாயின் நோயுறவேண்டும் என்பதே அவன் வேண்டுதல். முன்னையதைச் சட்டத்தின் பொறுப்பில் விட்டுவிடலாம். பின்னையதை, மோசடி எதுவும் கலவாதபோதும், பிழையென்றே கருதுகின்றேன்.

சங்கமும் இதனை ஒருவாறு உணர்ந்துள்ளது. 2024-25 பருவத்தில், பிரதான அணிக்கும் துணை அணிக்கும் இடையே மாறி மாறி ஆடும் குறைந்த ஊதிய வீரர்கள் மீது இத்தகைய 'கீழ்' பந்தயங்களை அமெரிக்காவிலுள்ள அதன் பங்காளிக் கம்பனிகள் கைவிட்டன. போர்ட்டரும் அத்தகைய ஒப்பந்தத்திலேயே ஆடியவர். காரணம் தெளிவு: ஊதியம் குறைந்தவனை விலைக்கு வாங்குதல் எளிது. மற்றைய வீரருக்கு இவ்விதி பொருந்தாது. பரிஸ் அரங்கில் தன் ஊரார் முன்னிலையில் வெம்பன்யாமா ஆடிய இரவிலும், அவர் குறித்த புள்ளியைத் தாண்டமாட்டார் என்று பணம் கட்ட அவ்விதியில் எவ்விதத் தடையும் இருக்கவில்லை.