டெலிவிஷன் பெட்டியும் லைசென்ஸ் நியாயமும்

பிரிட்டனில் ஒரு வீட்டுக் கூடத்தில் டெலிவிஷன் பெட்டி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அந்த வீட்டார் லைசென்ஸ் வாங்கியாக வேண்டுமா என்று கேட்டால், சட்டம் தரும் விடை பலரும் நினைத்துக்கொண்டிருப்பதற்கு மாறானது. பழைய சினிமாப் படங்களைத் தகட்டில் போட்டுப் பார்ப்பதற்கோ, பிள்ளைகளின் விளையாட்டுக் கருவியை இணைப்பதற்கோ பெட்டியை வைத்திருப்பவர் ஒரு பென்னியும் கட்ட வேண்டியதில்லை. அது மூலையில் தூசி படிந்து கிடந்தாலும் அப்படியே. எந்த நிலையத்தின் நிகழ்ச்சியாயினும் அது ஒளிபரப்பாகும் வேளையிலேயே பார்த்தாலோ, பதிவு செய்தாலோ, 2016 செப்டம்பர் முதற்கொண்டு பி.பி.சி.யின் ஐபிளேயர் என்னும் இணையச் சேவையில் நிகழ்ச்சிகளைப் பார்த்தாலோதான் லைசென்ஸ் கட்டாயமாகிறது. பார்ப்பது பெட்டியிலா, கணினியிலா என்பதைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலையில்லை.

உடைமை வேறு, உபயோகம் வேறு என்னும் இந்தப் பாகுபாடு அற்பமானதன்று. நம் தேசத்தில் 1933ஆம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. தபாலாபீஸ் ஜன்னலில் வருஷந்தோறும் பணம் கட்டி ரேடியோ லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு திரும்பிய தலைமுறையினரை, அந்த ரேடியோ பாடுகிறதா, வால்வு போய்ப் பரணில் கிடக்கிறதா என்று சர்க்கார் விசாரித்ததில்லை. வைத்திருப்பதே குற்றம் என்பது துப்பாக்கிக்குப் பொருந்தும். செய்தியும் சங்கீதமும் கேட்கும் கருவிக்கு அது எவ்விதத்திலும் பொருந்தாது. அவ்வகையில் பிரிட்டிஷ் சட்டம் உபயோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்பது நியாயத்துக்கு ஒரு படி அருகில் இருப்பதே.

ஆனால் அந்த ஒரு படியோடு அது நின்றுவிடுகிறது. பி.பி.சி.யை ஒரு நாளும் பாராமல், விளம்பர வருமானத்தில் நடக்கும் வேறொரு நிலையத்தின் கால்பந்தாட்டத்தை மட்டும் நேரலையில் பார்க்கும் மனிதரும் பி.பி.சி.க்காகக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கிறது. 1922இல் பத்து ஷில்லிங் வானொலிக் கட்டணமாகத் தொடங்கியது 2025 ஏப்ரலில் வருஷத்துக்கு 174.50 பவுண்டாக உயர்ந்தது. வியாபாரியின் விளம்பரத்துக்கும் மந்திரியின் தயவுக்கும் அடிமைப்படாத ஓர் ஒலிபரப்பு ஸ்தாபனம் தேசத்துக்கு வேண்டும், அதைக் கேட்பவர்களே தாங்க வேண்டும் என்பது இக்கட்டணத்தைக் காத்துவந்தவர்கள் சொன்ன காரணம், உயர்ந்த காரணந்தான். பிள்ளையில்லாதவரும் பள்ளிக்கூடத்துக்கு வரி செலுத்துகிறாரல்லவா என்று அவர்கள் கேட்பதிலும் சாரம் உண்டு. எனினும் பள்ளிக்கூட வரி அவரவர் சக்திக்கேற்ப வசூலாகிறது. இந்தக் கட்டணமோ பிரபுவின் மாளிகைக்கும், ஒற்றை அறையில் குழந்தையோடு குடியிருக்கும் தாய்க்கும் ஒரே தொகை. பொது நன்மைக்கான காணிக்கை என்றால் சக்தியறிந்து வாங்க வேண்டும். அனுபவித்ததற்கு விலை என்றால் அனுபவித்தவரிடம் மட்டுமே வாங்க வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்துக்கொண்டு, இரண்டு நியாயங்களிலும் தனக்குச் சௌகரியமான பாதியை மட்டும் இக்கட்டணம் எடுத்துக்கொள்கிறது.

வேறு சில தேசங்கள் இந்தச் சிக்கலை எப்படியோ அவிழ்த்துவிட்டன. ஜெர்மனி 2013 முதல், பெட்டி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியையே விட்டுவிட்டு, வறியவர்களுக்கு விலக்களித்து, வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. அதே வருஷத்தில் பின்லாந்து வருமானத்தை அளவுகோலாக்கிக்கொண்டது. இவற்றுள் பின்லாந்தின் வழியே தர்மத்துக்கு நெருங்கியது என்று தோன்றுகிறது.

சட்டம் குறையுடையது என்பதால் அதை ஏமாற்றுவது தகுமா? தகாது. பி.பி.சி.யின் கொள்கை பிடிக்கவில்லை என்பவர் நேரலையையும் ஐபிளேயரையும் பார்ப்பதை அடியோடு விட்டு, தமக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று வெளிப்படையாகத் தெரிவித்துவிட்டால், அவரைக் குறைசொல்ல எவருக்கும் வாயில்லை. திரையை இழுத்து மூடிக்கொண்டு தினமும் பார்த்துவிட்டு, வாசலில் ஆள் வந்தால் பெட்டியே இல்லை என்பவர் கொள்கைவீரர் அல்லர். தம் பங்கை அண்டை வீட்டார் தலையில் ஏற்றுபவர்.

அதே கண்டிப்பை வசூலிப்பவரிடமும் காட்ட வேண்டும். லைசென்ஸ் இல்லாத விலாசத்துக்கு, பெயர் குறிப்பிடாமல், சட்டப்படி குடியிருப்பவர் என்று மட்டும் எழுதிய கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பிறகு ஆளே வந்து கதவைத் தட்டுகிறார். நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் உள்ளே வர அவருக்கு அதிகாரமில்லை, கதவைச் சாத்திவிடலாம் என்பது விவரமறிந்தவர்களுக்குத் தெரியும். அது தெரியாமல், பயந்து, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்பவர்களே வழக்கில் அகப்படுகிறார்கள். 2017இல் இந்தக் குற்றத்துக்காக வழக்குத் தொடரப்பட்டவர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். பெண்கள் அதிகமாக ஏமாற்றுகிறார்கள் என்பதல்ல இதன் அர்த்தம்; பகலில் கதவைத் திறப்பவர்கள் அவர்கள், தனியாகக் குடும்பம் நடத்துபவர்களிலும் அவர்களே அதிகம். இவ்வழக்குகளில் பெரும்பாலானவற்றை ஒரே ஒரு மாஜிஸ்திரேட் காகிதங்களை மட்டும் பார்த்துத் தீர்த்துவிடுகிறார். அபராதம் ஆயிரம் பவுண்டு வரை போகலாம். அதைக் கட்டத் தவறினால் சிறைவாசமும் நேரக்கூடும்.

குற்றவியல் தண்டனையை நீக்கிவிட்டால் ஏய்ப்பவர் தொகை பெருகும் என்ற அச்சம் உண்டு. 2015இல் இதை ஆராய்ந்த டேவிட் பெரி என்னும் வழக்கறிஞரும் அப்போதைய ஏற்பாடு நீடிக்கும்வரை தண்டனையும் நீடிக்கட்டும் என்றே சொன்னார். வசூல் குறையலாம் என்பது உண்மையே. ஆயினும் அதே நாட்டில் மின்சாரக் கட்டணம் பாக்கி வைத்தவரைக் கடன்காரராகத்தான் நடத்துகிறார்கள், குற்றவாளியாக அல்ல. விளக்கெரித்த பாக்கி கடன், நாடகம் பார்த்த பாக்கி குற்றம் என்பதற்கு எந்த நீதிநூலிலும் ஆதாரம் கிடையாது. பி.பி.சி.யின் இப்போதைய அரச சாஸனம் 2027 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது. புதிய சாஸனம் எழுதுகிறவர்கள் கட்டணத்தை எந்தப் பெயரால் வாங்கினாலும் வாங்கட்டும், அதைச் செலுத்தாதவரைக் குற்றவாளிக் கூண்டுக்கு அனுப்பும் வழக்கத்தை அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.