முன்கூட்டிச் சொல்லலாமா?

வாய்க்குள் இருக்கும் வரை அது உமிழ்நீர். வெளியே வந்துவிட்டால் எச்சில். இரண்டு பெயர்களுக்கும் நடுவே இருப்பது உதடு ஒன்றுதான். டம்ளரை உயரத் தூக்கிக் குடிக்கிற ஆசாரமெல்லாம் அந்த எல்லையில் பிறந்தது. நாம் அப்படி அருவருத்து ஒதுக்குகிற பொருளைத்தான் இன்று விஞ்ஞானிகள் சிறு குழாயில் துப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, அதனிடம் ஜோசியம் கேட்கிறார்கள்.

வாயிலும் தொண்டையிலும் புற்று என்றால், கதிர் வைத்தியம் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம் நடக்கும். கதிர் நோயை மட்டும் சுட்டுவிட்டுப் போவதில்லை; வழியில் இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் சுடுகிறது. வாய் வெந்து புண்ணாகிறது. ஒரே அளவு கதிர் பட்ட இருவரில் ஒருவர் கஞ்சியாவது குடிக்கிறார். மற்றவர் தண்ணீரைக் கண்டாலே அழுகிறார். அழற்சியின்போது பெருகும் இன்டர்லூகின் போன்ற புரதங்களை எச்சிலில் அளந்து, யார் அதிகம் வதைபடுவார் என்று முன்னதாகவே கண்டுகொள்ள முடியுமா என்பதே ஆராய்ச்சி. இன்னும் அது ஆஸ்பத்திரியின் அன்றாட வழக்கமாகிவிடவில்லை. ஆகிவிட்டால், தெரிந்ததை நோயாளியிடம் சொல்லலாமா?

2009-ல் என் பெரியப்பா மகனுக்கு நாக்கில் புற்று. முப்பது வருஷத்து வெற்றிலையும் புகையிலையும். வைத்தியம் தொடங்குமுன் டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, "இவருக்குப் புண் கடுமையாகவே வரும் போலிருக்கிறது, நீங்கள் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்" என்றார். எச்சில் பரிசோதனை ஏதுமில்லை, அவருடைய அநுபவம் அப்படிச் சொல்லிற்று. நான் உள்ளே போய், "லேசாக எரியுமாம், அண்ணே" என்றேன்.

மூன்றாம் வாரம் அவரால் பேச முடியவில்லை. ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்: 'உனக்கு முன்னமே தெரியுமா?'

தெரியாது என்று தலையாட்டினேன்.

"சொல்லியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறி ஊருக்குப் போயிருப்பார், தம்பி. இன்றைக்கு இருந்திருக்க மாட்டார்" என்கிறார் அண்ணி. இருக்கலாம். கதிர் வைத்தியத்தைப் பாதியில் விட்டால் நோய்க்கல்லவா கொண்டாட்டம்!

முன்னறிவின் பின்னே கை நீள முடிகிற இடத்தில் எனக்குச் சந்தேகமில்லை. காதடிச் சுரப்பியை ஒதுக்கிக் கதிரைச் செலுத்தும் முறையைப் பிரிட்டனில் சோதித்தார்கள். 2011-ல் வெளியான முடிவின்படி, ஒரு வருஷம் கழித்துத் தொல்லை தரும் வாய் வறட்சி பழைய முறையில் நூற்றுக்கு 74 பேருக்கு இருந்தது. புதிய முறையில் 38 பேருக்கு. யாருக்குக் கூடுதல் காவல், யாருக்கு முன்னதாகவே உணவுக் குழாய் என்று எச்சில் சொல்லுமானால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கை நீளாத இடத்தில், வெறும் பயத்தை மட்டும் கொடுக்கிற செய்தியை என்ன செய்வது? அதையும் சொல்லத்தான் வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். பயப்படுவதும் அவருடைய சொத்து. அதை நான் எடுத்து ஒளித்துவைத்தேன். முடிவை வாசகரிடமிருந்து மறைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் நான். அந்தத் தொழில் புத்தியை ஒரு மனிதரின் உடம்பிலும் காட்டிவிட்டேன்.

அண்ணன் சௌக்கியமாக இருக்கிறார். சோறு தொண்டையில் இறங்க ரசத்தைக் குளமாக விட்டுக்கொள்கிறார். போன மாதம் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தேன். தாழ்வாரத்து விஷயத்தை அன்றும் சொல்லவில்லை.