கவனமின்மையும் ஹிம்சையே

தோல் காலணியை விலக்கிவிட்டால் ஹிம்சையினின்று நீங்கிவிட்டோம் என்று நம்மில் பலர் அமைதி கொள்கிறோம். அவ்வமைதி முழுமையானதுதானா என்பது ஆராயத்தக்க வினா.

வேலூர், இராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் தோல் பதனிடுதலும் காலணித் தொழிலும் எண்ணற்ற குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. அத்தொழிலின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை யாவரும் அறிவோம். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே இழப்பை ஏற்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று தீர்ப்பளித்தது. 30.1.2025 அன்று, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்க மீண்டும் ஆணையிட்டது. ஆற்றின் கேடு கண்ணுக்குத் தெரிந்தது, வழக்காயிற்று. தொழிற்கூடத்தின் காற்றில் கலக்கும் கேடோ கண்ணுக்குப் புலனாவதில்லை.

காலணியின் மேற்பாகத்தையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் பசைகளில் டொலுயீன், ஹெக்ஸேன் முதலிய கரைப்பான்கள் சேர்வதுண்டு. செயற்கைத் தோல் தயாரிப்பிலும் சில மெருகுப் பூச்சுகளிலும் டைமெத்தில் ஃபார்மமைடு பயன்படுகிறது. இவை மூச்சின் வழியாகவும், சில சருமத்தின் வழியாகவும் குருதியில் கலக்கின்றன. நஞ்சை மாற்றுவது கல்லீரலின் பணி; வடித்து அகற்றுவது சிறுநீரகத்தின் பணி. காவலரே முதலில் அடிபடுகின்றனர். டைமெத்தில் ஃபார்மமைடு கல்லீரல் செல்களைக் கெடுக்கும். டொலுயீன் நெடுநாள் மிகுதியாக உட்சென்றால், அமிலத்தை வெளியேற்றும் ஆற்றலைச் சிறுநீரக நுண்குழல்கள் இழக்கலாம். ஹெக்ஸேன் நரம்புகளைத் தளர்த்தும். கல்லீரல் தொடக்கத்தில் வலியால் முறையிடுவதில்லை. ஆகவே தொழிலாளியும் அறியார், முதலாளியும் அறியார்.

நாம் வாங்கும் செயற்கைத் தோல் செருப்பையும் ஒட்டுவது பெரும்பாலும் இத்தகைய பசையே. விலங்கின் உயிரைக் காத்தோம்; பசை தடவும் பெண்ணின் உடலை எண்ணினோமா?

'நாம் செய்யவில்லையே' எனலாம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றையும் நம் அறம் வினையாகவே எண்ணுகிறது. மேலும், தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு அடிப்படையாக வைப்பது பிரமாதத்தை, அதாவது கவனமின்மையை. கொல்லும் எண்ணம் இல்லாமை மட்டும் போதாது; காக்கும் கவனமும் வேண்டும்.

அதற்காக ஆலைகளை மூடுக என்பது அறமாகாது. பசித்த வயிறும் ஹிம்சையே. ஆவியை எழும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றும் குழாய், நீரை அடிப்படையாகக் கொண்ட பசை, பொருந்திய கையுறை, காலந்தோறும் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவை அறியப்பட்ட வழிகளே. செலவு சிறிது கூடும். அச்செலவை மறுக்கும்போது, அதனை ஓர் ஏழையின் கல்லீரல் செலுத்துகிறது.

நம் வீடுகளிலும் கணக்கர், மேற்பார்வையாளர், வணிகர் உளர். பொருளின் விலையைக் கேட்குமுன், அதைச் செய்தவர் சுவாசித்த காற்றைப் பற்றி ஒரு சொல் கேட்பார்களாக. அக்கேள்வியும் விரதமே.