மகனுக்குத் துரோகமா?

களத்திலே மகனைப் பறிகொடுத்த தாய், போரே கூடாது என்று முழங்கினால், மாண்ட மகனுக்குத் துரோகம் இழைத்தவளாவாளா? ஆம் என்பர் போர்வெறியர். "எதற்காக அவன் உயிர் தந்தானோ, அதையே இகழ்கிறாளே!" என்று ஏசுவர். ஏச்சை ஒதுக்கிவிட்டு, பொருளை நாம் ஆராய்வோம்.

இந்தக் கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொண்ட தாய், ஜெர்மன் நாட்டு ஓவியர் கேத்தே கோல்விட்ஸ். 1914-இல் போர் மூண்டதும், பதினெட்டே வயதான இளைய மகன் பீட்டர் படையிற் சேரத் துடித்தான். வயது போதாது, தந்தையின் ஒப்புதல் தேவை. தந்தையோ தயங்கினார். மகனுக்காகப் பரிந்து பேசி ஒப்புதல் பெற்றுத் தந்தவர் தாய்தான்! அவ்வாண்டு அக்டோபரிலேயே, பெல்ஜிய மண்ணில், பீட்டர் பிணமானான்.

போரைப் பழித்தால், மகனின் நம்பிக்கையைக் கைவிட்டதாகாதா? 1916-இல், நாட்குறிப்பிலே அத்தாய் நடத்திய வழக்கு இது. வாதியும் அவரே, பிரதிவாதியும் அவரே!

1918-இல், தோல்வி நெருங்கிய வேளையில், ரிச்சர்ட் டேமல் என்ற கவிஞர், மேலும் தொண்டர்கள் களம் புகுக என்று அழைத்தார். கேத்தே ஏட்டிலே எதிருரை எழுதினார். மடிந்தது போதும் என்றார். விதைத் தானியத்தை அரைத்துவிடலாகாது என்ற கதேயின் கருத்தைத் துணைக்கழைத்தார்.

பஞ்சத்திலும் விதைநெல்லைக் காப்பவன் உழவன். அரசுகளுக்கோ அந்த அறிவு இல்லை. மாண்ட ஆயிரவர் வீணாகக் கூடாதென்று மேலும் ஆயிரவரை அனுப்புவர். அவர்களும் வீணாகக் கூடாதென்று மீண்டும் ஆயிரவர்! வேள்வித் தீக்கு நெய் போதுமென்று எந்தப் புரோகிதன் சொன்னான்?

துரோகம் என்போரை நாம் கேட்கிறோம்: பீட்டர் வாழ்ந்திருந்தால், முப்பது வயதிலும் அதே எண்ணத்தோடு இருந்திருப்பானா? கற்றிருப்பான், கண்டிருப்பான், ஒருவேளை மாறியுமிருப்பான். சிந்தித்து மாறுவது மனிதனின் உரிமை. பதினெட்டு வயதிலே அவனிடமிருந்து அதைப் பறித்தது துப்பாக்கி. அவன் சிந்திக்க முடியாமற் போனதைத் தாய் சிந்தித்தார். இது துரோகமா? மகன் விட்ட இடத்திலிருந்து நடந்த பயணமன்றோ!

1924-இல், இனிப் போரே வேண்டாம் என்ற சுவரொட்டி வரைந்தார். 1932-இல், மண்டியிட்டு அழும் தாய் தந்தையாகத் தாமும் கணவரும் தோன்றும் சிலைகளை, மகனின் இடுகாட்டிலே நிறுவினார். அடுத்த ஆண்டே ஹிட்லர் ஆட்சி அவரைக் கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றிற்று. 1942-இல் பேரன் ரஷ்யப் போர்முனையில் மாண்டான். அவன் பெயரும் பீட்டர்! விதைநெல் மீண்டும் அரைபட்டது.

பெல்ஜியத்தில் அச்சிலைகள் இன்றும் மண்டியிட்டிருக்கின்றன. அவற்றின் கையிலே வாளுமில்லை, வெற்றிக்கொடியுமில்லை. மகனை இழந்தவளுக்கு வீரத்தாய் என்று பட்டம் சூட்ட விரைவோர், முதலில் அவள் பேசுவதைக் கேட்கட்டும்.