தன்னலமும் தொண்டாகுமா?

தொண்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் ஓர் உருவம் தோன்றுகிறது. பசித்தவனுக்குச் சோறும் நோயாளிக்கு மருந்தும் கொண்டுபோகிற ஒரு மனிதர். தமக்கென்று ஒன்றும் வேண்டாதவர். அவர் செய்வது தொண்டு என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. ஆனால், ஒருவன் தன் பொழுதுபோக்குக்கு வேண்டிய இடத்தைத் தானே பழுதுபார்த்துக்கொண்டு, அதையும் தொண்டு என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா? சீட்டாடுகிறவர்கள் கூடித் தங்கள் கிளப்புக்கு வெள்ளையடித்தால் அதை யாரும் பரோபகாரம் என்று புகழ்வதில்லையே!

இந்தக் கேள்வி வெறும் வாய்ச்சண்டைக்கு உரியதல்ல. அமெரிக்காவில் எத்தனையோ மலைகளிலும் காடுகளிலும் இது ஆண்டுதோறும் எழுகிறது.

கலிபோர்னியா மாநிலத்தில், டாஹோ ஏரிக்கு மேற்கே, சியரா நெவாடா மலையில் ரூபிகான் என்று ஒரு தடம் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். 1887ஆம் ஆண்டிலேயே எல் டொராடோ மாவட்ட நிர்வாகம் அந்த வழியைப் பொதுச்சாலை என்று அறிவித்துவிட்டது. ஆனால் அதன் கடினமான பகுதியைப் பார்க்கிற எவரும் அதைச் சாலை என்று சொல்லமாட்டார். சக்கர உயரத்துக்குக் கருங்கற்பாறைகள் கிடக்கின்றன. அவற்றின்மேல் ஜீப்பை ஏற்றி, இறக்கி, சாய்த்து, நிமிர்த்தி, மனிதன் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து போவதில் பலருக்குப் பேரானந்தம். 1953ல் ஜார்ஜ்டவுன் என்ற சிற்றூர்க்காரர்களின் ஏற்பாட்டில் 55 ஜீப்புகள் அவ்வழியே ஏரிக்கரைக்கு யாத்திரை போயின. அன்று தொடங்கியது ஒரு மரபாகவே ஆகிவிட்டது.

ஆனந்தத்துக்கு விலை உண்டல்லவா? சக்கரம் உருண்ட இடத்தில் குழி விழுகிறது. மழை பெய்தாலும் பனி உருகினாலும் அந்தக் குழிதான் நீருக்கு வாய்க்கால். வழிநெடுக ஓடிவரும் நீர் மண்ணை அரித்துக்கொண்டுபோய் ஓடையில் கொட்டுகிறது. ஓடை கலங்கினால், அதன் அடியிலுள்ள கூழாங்கற்களின் இடுக்கில் முட்டையிடும் மீனினம் நசிக்கிறது. குழியும் சகதியும் கண்ட வண்டிக்காரன் அதை விட்டு ஒதுங்கிப் புல்வெளியில் ஏறிப் போகிறான். அவன் பின்னால் வருகிறவனும் அப்படியே. ஒரு தடம் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. 2009ல் அந்த வட்டாரத்து நீர்த்தரக் கட்டுப்பாட்டு வாரியம், ரூபிகான் தடத்திலிருந்து ஓடைகளுக்குப் போகும் மண்ணையும், கசியும் எண்ணெயையும், மனித மலத்தையும் தடுத்துத் துப்புரவு செய்யவேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்துக்கும் வனத்துறைக்கும் உத்தரவிட்டது.

அதற்கு முன்பே, 2001ல், அந்தத் தடத்தில் வண்டியோட்டுகிற பல சங்கத்தார் ஒன்றுகூடி ‘ரூபிகானின் நண்பர்கள்’ என்று ஓர் அமைப்பு கண்டிருந்தார்கள். வேலை நாள் குறிப்பார்கள்; மண்வெட்டியும் கடப்பாரையுமாக வந்து சேருவார்கள். எண்ணெய் சிந்தினால் உறிஞ்சி எடுக்கும் துணியும், மலத்தைக் கட்டித் திரும்ப எடுத்துப்போகும் பையும் வழிப்போக்கர்களுக்கு வழங்குவார்கள். நம் நாட்டில் சிரமதானம் என்று சொல்வதைத்தான் அவர்களும் செய்கிறார்கள்.

இப்படிப்பட்ட சங்கங்கள் அந்த நாடெங்கும் உண்டு. கைக்கருவியால் முடியாத வேலைக்கு இயந்திரமும் வரும். கட்டிட ஒப்பந்தக்காரர் ஒருவர் தம் மண் தோண்டும் இயந்திரத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு இலவசமாகத் தருவார். சிறிய புல்டோசரை வேறொருவர் பெரிய லாரியில் ஏற்றிக் கொண்டுவருவார். டீசல் ஒருவர் செலவு; ஓட்டுகிற கை இன்னொருவருடையது. அந்தப் புல்டோசர் செய்கிற வேலையும் வேடிக்கையானது. நாம் நினைப்பதுபோல் அது வழியைச் சமதளமாக்குவதில்லை. சரிவில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஓரிடமாக, தடத்தின் குறுக்கே சாய்வாக ஒரு பள்ளம் பறித்து, அந்த மண்ணை அதன் கீழ்ப்பக்கம் மேடாகக் குவித்து இறுக்குகிறது. இறங்கி வரும் நீர் அந்த மேட்டில் முட்டி, வேகம் பெறுமுன்பே பக்கத்துக் காட்டுத் தரையில் பரவிவிடும். பாறைகள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அவற்றை அப்புறப்படுத்தினால், உதவிக்கு வந்தவர்களே சண்டைக்கு வருவார்கள். வழி கெட்டுப்போகவும் கூடாது. நல்ல வழியாக ஆகிவிடவும் கூடாது. உலகத்தில் இப்படியும் ஒரு மராமத்து!

இதைத் தொண்டு என்று சொல்லலாமா என்பதுதான் கேள்வி.

சொல்லக்கூடாது என்பவர்கள் கூறும் முதற்காரணம், இதில் தன்னலம் இருக்கிறது என்பது. இந்தக் காரணம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. தன் வயலுக்கும் நீர் வரவேண்டும் என்றுதான் விவசாயி ஊர் ஏரியில் தூர்வார வருகிறான். அதனால் ஏரியில் நீர் குறைந்தா போகிறது? ஊர் கூடித் தேர் இழுக்கிறபோது, வடம் பிடித்தவர்களில் யாருக்குப் பக்தி, யாருக்குப் பெருமை, யாருக்கு வேடிக்கை என்று பிரித்துப் பார்க்க முடியாது, தேர் நகருகிறது. தன்னலம் கலவாத செயலை மட்டுமே தொண்டு என்று கொள்வதானால், அந்தச் சொல்லை அகராதியில் வைத்துப் பூட்டிவிட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கிற இயந்திரத்தைத் தருவது என்ன தானம் என்று கேட்பதும் இதே ரகம். சும்மா நிற்கிற இயந்திரத்தை உடையவர்கள் ஆயிரம் பேர்; தேய்மானம் பாராமல் தருகிறவர் ஒருவர்.

இரண்டாவது காரணம்தான் என்னை நிறுத்திவைத்துச் சிந்திக்கச் செய்கிறது. பரிகாரம் செய்துவிடலாம் என்ற தைரியத்தில் பாவம் செய்கிறவர்கள் உண்டல்லவா? உண்டியலில் போடுவதற்கென்றே ஒரு பங்கை ஒதுக்கிவைத்துவிட்டுக் கள்ளக்கணக்கு எழுதும் வியாபாரிகளை நாம் அறிவோம். அதுபோல, ‘நாங்கள்தான் பழுதுபார்க்கிறோமே!’ என்ற சொல் ஒரு கேடயமாகிவிடலாம். உழைத்த உழைப்பு மெல்ல மெல்ல உரிமையாக மாறிவிடும். கலிபோர்னியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இத்தகைய தடங்களுக்கு மானியம் கிடைக்கிறது. மானியம் கேட்கிறவர் தம் பங்காகக் காட்டவேண்டிய தொகையில், தொண்டர் உழைத்த மணிகளையும் இலவசமாக வந்த பொருள்களையும் பண மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் மணிக்கணக்கு எழுதப்பட்ட உழைப்பைச் செய்தவன், ‘என் வேர்வை இந்த மண்ணில் விழுந்திருக்கிறது, என்னை வெளியே போ என்று சொல்ல நீ யார்?’ என்று கேட்கத் தொடங்க எத்தனை நாளாகும்?

அந்த மலை அவனுக்கு மட்டும் சொந்தமல்ல. காலால் நடந்து, பறவையின் குரல் கேட்கப் போகிறவனுக்கும் அதில் பங்கு உண்டு. வேலை நாளுக்கு வந்து பெயர் பதிந்து கொள்ள முடியாத மீனுக்கும் புல்லுக்கும் பங்கு உண்டு. இதை உணர்ந்துதான் 1972ல் ஜனாதிபதி நிக்ஸன், பொது நிலங்களில் வண்டிகள் போகக்கூடிய இடம் எது, போகக்கூடாத இடம் எது என்று வரையறுக்கும்படி உத்தரவிட்டார். கெடுதல் மிகுந்த இடத்தை உடனே மூடிவிடலாம் என்று 1977ல் ஜனாதிபதி கார்ட்டர் அதற்கு வலுச் சேர்த்தார். உழைத்தவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். வேலை நாளுக்கு வர இயலாதவர்களின் பங்கையும் அவனுக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது.

அப்படியானால் தொண்டையும் தொண்டு வேஷத்தையும் எதைக்கொண்டு பிரித்தறிவது? நோக்கத்தைத் துருவிப் பயனில்லை. மனிதன் தன் நோக்கத்தைத் தானே முழுக்க அறிவதில்லை. அந்தத் தொண்டர்கள் செய்கிற இன்னொரு வேலையில் இதற்கு விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. புல்வெளியில் தாறுமாறாகக் கிளைத்துப்போன பக்கத் தடங்களை அவர்களே அடைக்கிறார்கள். அதே இரவல் இயந்திரத்தைக்கொண்டு இறுகிய மண்ணைக் கிளறிவிடுகிறார்கள். முகப்பில் பாறைகளை உருட்டி வைக்கிறார்கள். காய்ந்த மரங்களையும் கிளைகளையும் இழுத்துப் போடுகிறார்கள். சில ஆண்டுகளில் அங்கே வழி இருந்த அடையாளமே மறைந்துவிடும். நேற்றுவரை அந்தப் பக்கத் தடத்தில் குதூகலமாக ஓட்டிப் போனவன் அவனாகவே இருக்கலாம். இன்று அதை அடைக்கிற வேலையில் அவனுக்கு ஒரு லாபமும் இல்லை, நஷ்டம்தான்.

வழியைத் திறந்து வைப்பதற்காக மட்டும் வருகிற கை, தன் வசதியைப் பார்த்துக்கொள்கிற கை. அதிலும் தவறில்லை, அதற்குப் பெயர் சிக்கனம், பொறுப்பு, அண்டை அயலாரின் ஒற்றுமை, எல்லாம் நல்ல குணங்களே. தனக்குப் பிரியமான ஒரு வழியை, ஓடைக்குக் கெடுதல் என்று கண்டபோது, அடைப்பதற்கும் முன்வருகிற கைக்குத்தான் தொண்டு என்ற பெயர் பொருந்தும். அந்த மனிதன் தன் இன்பத்தைத் துறக்கவில்லை. அடுத்த வாரம் மீண்டும் ஜீப் ஓட்டத்தான் போகிறான். ஆனாலும் தன் இன்பத்துக்குத் தானே ஓர் எல்லை போட்டுக்கொள்ளக் கற்றுவிட்டான்.

துறவிகளால்தான் உலகம் பிழைக்க வேண்டுமென்றால் உலகத்துக்கு நம்பிக்கையே இல்லை. அத்தனை துறவிகளுக்கு நாம் எங்கே போவது? ஆசையும் விளையாட்டும் உள்ள சாமானிய மனிதர்கள், தாங்கள் தொட்ட இடத்தின் காயத்தைத் தாங்களே பார்த்து, கட்டவேண்டிய இடத்தில் கட்டி, விலகவேண்டிய இடத்தில் விலகினால் போதும். சனிக்கிழமை ஜீப் ஓட்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கிய புல்டோசரோடு மலை ஏறி, ஒரு வழியைச் செப்பனிட்டு, இன்னொரு வழியை அடைத்துவிட்டு இறங்குகிறார்கள். அவர்களைத் தொண்டர்கள் என்று அழைக்க எனக்குத் தடையில்லை.