வடிவ விருப்பமும் பக்தியின் நடையும்

இறையனுபவம் முதலில் தோன்றிப் பின்னர்த் தனக்கேற்ற இலக்கிய வடிவத்தைத் தேடுகிறதா, அன்றி வடிவத்தின்மீது புலவர் கொண்ட விருப்பமே அவ்வனுபவத்தின் இயல்பை வரையறுக்கிறதா என்னும் வினாவை ஆராயத் திருவாசகம் சிறந்த களமாகும். அம்மானை, பொற்சுண்ணம், பூவல்லி என மகளிர் ஆடியும் தொழில்செய்தும் பாடும் வடிவங்களை மாணிக்கவாசகர் விரும்பி மேற்கொண்டமையால், அவரது தத்துவம் தனியொருவரின் சிந்தனையாக நில்லாமல் கூட்டுக்குரலாகிறது. குறிப்பாகச் சாழலில், அதாவது இரு மகளிர் வினாவும் விடையுமாகப் பாடும் ஆடல்வகையில், சிவன் வெண்ணீறு பூசுவதையும் நஞ்சுண்டதையும் ஒருத்தி ஐயுற்று வினவ, மற்றவள் விளக்கம் தருகிறாள். ஐயத்தையே வழிபாட்டின் உறுப்பாக்கும் இப்பெருந்துணிவு, போற்றுதலை மட்டுமே கூறும் தோத்திர வடிவில் எளிதில் வாய்ப்பதன்று. அவரே இயற்றியதாகக் கொள்ளப்படும் திருக்கோவையாரோ, அகத்துறைகளை 400 பாடல்களில் நிரல்படத் தொடுக்கும் கோவை இலக்கணத்துக்கு உட்பட்டு, உருக்கத்தை அடக்கிச் செறிவை மேற்கொள்கிறது.