கரை யாருக்கு?

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் இயற்கையான கடற்கரை இல்லை. 1966ல் தொடங்கிய நிலமீட்பில், கடலைத் தூர்த்து உண்டாக்கிய கரை. மணல் அரித்துப் போகாமல் இருக்கப் பாறைத் தடுப்பு, ஓடுவதற்குப் பாதை, சாப்பிட ஹாக்கர் சென்டர் என எல்லாமே மனுஷனுக்காகப் போட்டவை. ஆனாலும் அந்த மணலில் அழுங்காமை ஏறி வந்து முட்டையிடுகிறது.

நான் படித்த பொறியியலில் முதல் கேள்வி, 'பயனர் யார்?' வரைபடத்தில் இல்லாத ஒரு பயனர் வந்துவிட்டால் அதற்கு நாம் கடன்பட்டவர்களா? 'நாம கட்டினது, நாம கூப்பிடலையே' என்கிறார் என்னோடு வேலை செய்யும் நண்பர். எனக்கு அது ஒப்பவில்லை. கிணறு வெட்டியவன்தான் சுற்றுச்சுவரும் கட்டணும். விழுந்தது யார் வீட்டு மாடு என்பது அப்புறம்.

ஆமைக்கு நம் கரை அப்படித்தான். மணலைப் பார்த்து நம்பி வருகிறது. இரவில் வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தை நோக்கிப் போகும். இயல்பாக அது கடல். நாம் நட்ட விளக்கு கடலைவிடப் பிரகாசமாக இருந்தால் குஞ்சுகள் சாலைப் பக்கம் திரும்பிவிடும்.

சரி, விளக்கையெல்லாம் அணைச்சிடலாமா? வேலை முடிந்து இரவில் தனியாக நடக்கிற பெண்ணின் பயமும் பொய் இல்லையே. இங்கே பாதி சண்டையை வடிவமைப்பே தீர்த்துவிடும்: விளக்கைத் தாழ்த்தி, கடல் பக்கம் மறைப்புப் போட்டு, ஆம்பர் நிறத்துக்கு மாற்றினால் வெளிச்சம் பாதையில் விழும், மணலில் விழாது.

மீதிப் பாதிதான் அறக் கேள்வி. 'முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துவிட்டால் கரை நமக்குத்தானே' என்று சிலர் கேட்கலாம். சில நேரம் அது தேவைதான். ஆனால் திரெங்கானுவின் ரந்தாவ் அபாங்கை நினைத்துப் பாருங்கள். 1950களில் ஆண்டுக்குப் 10,000 கூடுகளுக்கு மேல் இருந்த தோணியாமை, இன்று அங்கே ஏறக்குறைய இல்லை. முட்டை வியாபாரமும் மீன்வலையும் பெரிய காரணங்கள். காப்பாற்ற வைத்த பொரிப்பகத்திலும் மணல் சூடு கூடியதால் பெண் குஞ்சுகளே பிறந்தன என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆமைக்கு மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது. கரை செய்கிற வேலையை முழுசாக நாமே எடுத்துச் செய்துவிட முடியாது.

அதனால் என் கணக்கு இவ்வளவுதான்: இருவருக்கும் போதாத இடத்தில், மாற்று வழி உள்ளவர் முதலில் விட்டுக்கொடுக்கணும். முட்டையிடும் காலத்தில் இரவு பார்பிக்யூவை நாம் வேறு பக்கம் வைத்துக்கொள்ளலாம். ஆமைக்கு மணலை விட்டால் வேறு இடம் இல்லை.